கடனட்டையை மூடிய பின்னரும் வரும் கட்டணங்கள்: எதைக் கட்டுவது, எதை மறுப்பது?

கடனட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டி எறிந்துவிட்டால் வங்கியுடனான கொடுக்கல் வாங்கல் அத்துடன் முடிந்தது என்றே எம்மில் பலர் நினைக்கின்றனர். அலமாரியில் போட்டு வைத்தால் காலாவதியானதும் தானாகவே ரத்தாகிவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் தவறு. வெட்டுப்படுவது பிளாஸ்டிக் துண்டு மாத்திரமே. கணக்கு வங்கியின் கணினியில் அப்படியே திறந்திருக்கும். காலாவதித் திகதி நெருங்கும்போது பெரும்பாலான வங்கிகள் நீங்கள் கேட்காமலேயே புதிய அட்டையை அச்சிட்டு அனுப்புகின்றன. வருடாந்தக் கட்டணமும் கணக்கில் ஏறிவிடும். அதைக் கட்டாவிட்டால் தாமதக் கட்டணம், அதன் மேல் வட்டி, அடுத்த மாதம் மறுபடியும் தாமதக் கட்டணம் என்று அது தானாகவே வளர ஆரம்பிக்கும்.

இதில் அதிகம் அகப்படுவது தொழிலுக்காக வெளிநாடு போகிறவர்கள். கொழும்பில் வேலை செய்த காலத்தில் எடுத்த அட்டையுடன் கத்தாருக்கோ சவூதிக்கோ போய்விடுகிறார்கள். போகுமுன் நிலுவையைக் கட்டித் தீர்த்திருப்பார்கள். ஆனால் கணக்கை மூடியிருக்க மாட்டார்கள். சில மாதங்களில் இலங்கைத் தொலைபேசி இலக்கமும் செயலிழந்துவிடும். வங்கியின் குறுஞ்செய்தி யாருக்கும் போய்ச் சேராது. தபாலில் வரும் கணக்குக்கூற்றை உம்மாவோ மனைவியோ பிரிக்காமல் எடுத்து வைத்திருப்பார்கள். இரண்டு வருடங்களின் பின் ஊருக்கு வந்து வீடு கட்டவோ வேன் ஒன்று எடுக்கவோ நிதி நிறுவனத்துக்குப் போனால், "உங்கள் பெயரில் கடனட்டை நிலுவை இருக்கிறதே" என்பார்கள். அப்போதுதான் விடயமே தெரியவரும்.

தொகை எப்படி ஏறுகிறது என்பதை ஓர் எளிய கணக்கில் பார்க்கலாம். இவை எந்த வங்கியினதும் உண்மையான கட்டணங்கள் அல்ல, விளங்கிக்கொள்வதற்காக மாத்திரம். வருடாந்தக் கட்டணம் 5,000 ரூபா, தாமதக் கட்டணம் மாதம் 1,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடம் யாரும் கவனிக்காவிட்டால் 12 மாதத் தாமதக் கட்டணம் 18,000 ரூபா. அசலுடன் சேர்த்து 23,000 ரூபா. வட்டியை இதில் இன்னும் சேர்க்கவில்லை. ஒரு சதத்துக்கேனும் பொருள் வாங்காத ஒருவர் இந்தத் தொகைக்குக் கடனாளியாகிவிடுகிறார்.

இப்படிப்பட்ட கூற்று ஒன்று கையில் கிடைத்ததும் ஒரு சாரார் கோபத்தில் கிழித்துப் போடுகிறார்கள். மற்றொரு சாரார் தொல்லை விட்டால் போதும் என்று கேட்ட தொகையை அப்படியே கட்டிவிடுகிறார்கள். இரண்டுமே நட்டம்தான். கட்டணப் பட்டியலை வரி வரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலது நியாயமானது, கட்டத்தான் வேண்டும். சிலதை மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். எது எது என்று தெரியாமல் வங்கிக்குப் போய்ச் சத்தம் போட்டால் கருமபீடத்தில் இருக்கும் பிள்ளையின் மனம் நோவதைத் தவிர வேறெதுவும் நடக்காது.

முதலில், பலரும் மோசடி என்று நினைக்கும், ஆனால் உண்மையில் மோசடியல்லாத ஒரு விடயம். கூற்றில் இருந்த முழுத் தொகையையும் கட்டிவிட்டேன், பிறகும் அடுத்த மாதம் வட்டி வந்திருக்கிறதே என்பது மிகப் பொதுவான முறைப்பாடு. கடனட்டையில் வட்டியில்லாக் காலம் என்று சொல்லப்படுவது, ஒவ்வொரு மாதமும் முழு நிலுவையையும் உரிய திகதிக்குள் கட்டுபவருக்கு மாத்திரமே. ஒரு மாதம் குறைந்தபட்சத் தொகையை மாத்திரம் கட்டினாலும் அந்தச் சலுகை போய்விடும். அதன் பின் வட்டி நாளாந்தம் கணக்கிடப்படும். கூற்று தயாரான திகதிக்கும் நீங்கள் பணம் கட்டிய திகதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அந்தக் கூற்றில் இருக்காது, அடுத்ததில்தான் வரும். நிலுவை 100,000 ரூபா, வட்டி வருடத்துக்கு 26 வீதம் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 71 ரூபா. கூற்று வந்து 20 நாள் கழித்துக் கட்டினால் சுமார் 1,425 ரூபா மிஞ்சி நிற்கும். அட்டையை மூடுபவர்கள் வழுக்கி விழும் முதல் இடம் இதுதான். முழுவதையும் கட்டிவிட்டேன் என்ற நம்பிக்கையில் அடுத்த கூற்றைப் பார்க்காமல் விடுகிறார்கள். அந்த 1,425 ரூபாவுக்குத் தாமதக் கட்டணம் ஏறுகிறது. வட்டி கட்டவே கூடாது என்ற எண்ணத்தில் அட்டையை மூட முன்வருகிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். மூடும் நாளில் கேட்டு அறியாமல் விட்டால் வட்டிதான் தொடர்ந்து ஓடும்.

வட்டி வீதமும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டைக்கு 18 வீத உச்சவரம்பை விதித்தது. 2022 ஏப்ரலில், பொருளாதார நெருக்கடியின் உச்சத்தில், அது நீக்கப்பட்டது. வங்கிகள் 30 வீதத்துக்கும் மேலே போயின. 2023 ஆகஸ்டில் மீண்டும் 28 வீதம் என்று எல்லை போடப்பட்டது. எனவே அட்டை எடுத்த அன்று விற்பனைப் பிரதிநிதி சொன்ன வீதத்தை வைத்துக்கொண்டு வாதிடுவதில் பயனில்லை. உங்கள் கூற்றில் அச்சிட்டுள்ள வீதத்தையே பாருங்கள்.

தவணைத் திட்டங்கள் அடுத்தது. தொலைபேசியோ குளிர்சாதனப் பெட்டியோ 0 வீத வட்டியில் 12 மாதத் தவணைக்கு வாங்கியிருந்து, ஐந்தாம் மாதத்தில் அட்டையை மூடினால் மீதி ஏழு மாதத் தொகையையும் வங்கி ஒரேயடியாகக் கேட்கும். அதைக் கேட்பது நியாயமே, பொருளை வாங்கியது நாங்கள்தானே. ஆனால் அதற்கு மேலாக முன்கூட்டித் தீர்க்கும் கட்டணம் என்று ஒன்றைப் போட்டால், அது தவணைத் திட்டத்தின் நிபந்தனைகளில் எழுதப்பட்டிருந்ததா என்று கேளுங்கள். எழுதப்பட்டிருந்தால் கட்ட வேண்டிவரும். இல்லாவிட்டால் மறுக்கலாம்.

காப்புறுதிக் கட்டணம் தனிக் கதை. ஒரு நாள் வேலை மும்முரத்தில் அழைப்பு வரும். நிலுவைக்குக் காப்புறுதி, முதல் மாதம் இலவசம் என்று மளமளவென்று சொல்லி முடிப்பார்கள். நாங்கள் "ஆ, சரி சரி" என்று வைத்துவிடுவோம். அந்தச் "சரி" பதிவாகிவிடும். கூற்றில் சுருக்கெழுத்தில் ஒரு சிறு தொகை மாதாமாதம் கழிந்துகொண்டிருக்கும். இதை மறுக்க விரும்பினால், எந்தத் திகதியில் எந்த முறையில் நான் சம்மதித்தேன், அதற்கான ஆதாரத்தைத் தாருங்கள் என்று எழுத்தில் கேட்பதே சரியான வழி. சம்மதத்தைக் காட்ட வேண்டிய பொறுப்பு கட்டணம் அறவிட்டவரிடம்தான்.

மாதாந்தம் தானாகக் கழியும் கொடுப்பனவுகளையும் மறந்துவிட வேண்டாம். தொலைபேசிக் கட்டணம், நெட்ஃபிளிக்ஸ், கூகுள் சேமிப்பகம், பிள்ளைகள் விளையாட்டுச் செயலியில் பதிந்து வைத்த சந்தா என்று எத்தனையோ. அட்டையை முடக்கிய பிறகும் சில நிறுவனங்களின் கோரிக்கைகள் கணக்குக்கு வந்து விழுவதுண்டு. வங்கியிடம் போக முன்னர் இவை ஒவ்வொன்றையும் அந்தந்த இடத்திலேயே நிறுத்திவிடுவது நல்லது. சேர்ந்திருக்கும் வெகுமதிப் புள்ளிகளையும் மூடுவதற்கு முன்பே பயன்படுத்திவிடுங்கள். மூடிய பின் அவை பொதுவாகப் போய்விடும்.

இனி மறுக்க வேண்டியவை. மூடும்படி எழுத்தில் கேட்டு, நிலுவையும் பூச்சியமாகிய பிறகு ஏற்றப்பட்ட வருடாந்தக் கட்டணம் இதில் முதலாவது. அந்தக் கட்டணத்தைக் கட்டவில்லை என்று மேலே ஏற்றிய தாமதக் கட்டணமும் வட்டியும் அதனுடனேயே போக வேண்டும். வங்கிகள் சில வேளை வருடாந்தக் கட்டணத்தை மாத்திரம் நீக்கிவிட்டு, தாமதக் கட்டணம் தனி என்பார்கள். இதை ஏற்காதீர்கள். அடிக்கட்டணமே தவறு என்றால் அதன் மேல் எழுந்தது எப்படிச் சரியாகும்? கணக்கு மூடும் கட்டணம் என்று வங்கியின் வெளியிடப்பட்ட கட்டணப் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கேட்டாலும் மறுக்கலாம். வங்கிகளின் கட்டணப் பட்டியல் அவற்றின் இணையத்தளங்களில் இருக்கிறது. அதைத் தரவிறக்கி வைத்துக்கொண்டு பேசுங்கள். நீங்கள் விண்ணப்பிக்காத, ஒருபோதும் இயக்காத அட்டைக்கு வந்த கட்டணமும் இதே வகைதான்.

வருடாந்தக் கட்டணம் ஏறி இரண்டு வாரத்தில் மூடச் சொல்கிறீர்கள் என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. சட்டப்படி அது வங்கிக்குச் சேர வேண்டியதாக இருக்கலாம். ஆனாலும் கேட்டுப் பாருங்கள். பயன்படுத்தாத வருடத்துக்கான கட்டணம் என்பதால் பல நேரம் விட்டுக்கொடுக்கிறார்கள். துணை அட்டை இருந்தால் அதற்கும் தனியாக வருடாந்தக் கட்டணம் உண்டு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடும் முறைக்கு வருவோம். அழைத்த உடனேயே வங்கி சம்மதிக்காது. வாடிக்கையாளரைத் தக்கவைப்பதற்கென்றே பயிற்றப்பட்டவர்கள் பேசுவார்கள். "சேர், இந்த வருடம் கட்டணம் இல்லை, வைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். அந்தச் சலுகைக்குள் பெரும்பாலும் இவ்வளவு தொகைக்குச் செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனை ஒளிந்திருக்கும். உண்மையில் அட்டை வேண்டாம் என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். அழைப்பில் "ரத்து செய்தாகிவிட்டது" என்று சொன்னால் கோரிக்கை இலக்கத்தையும் பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அத்துடன் நின்றுவிடாமல் அன்றைய தினமே எழுத்தில் ஒன்றை அனுப்புங்கள். மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ பரவாயில்லை. கிளையில் நேரே கொடுத்தால் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையின் முழு இலக்கத்தையும் எழுத வேண்டாம், கடைசி நான்கு இலக்கங்கள் போதும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. இப்படி எழுதலாம்:

"மேற்படி கடனட்டைக் கணக்கையும் அதனுடன் இணைந்த துணை அட்டைகளையும் இக்கடிதத் திகதியிலிருந்து நிரந்தரமாக மூடுமாறு வேண்டுகிறேன். புதிய அட்டை எதையும் விநியோகிக்க வேண்டாம். இன்றுவரை சேர்ந்த வட்டி, தவணை மீதி, இன்னும் கூற்றில் வராத கொடுக்கல்கள் அனைத்தையும் உள்ளடக்கிய இறுதித் தொகையையும், அது எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்பதையும் எழுத்தில் அறியத் தாருங்கள். அத்தொகை செலுத்தப்பட்டதும் கணக்கு பூச்சிய நிலுவையுடன் மூடப்பட்டதை உறுதிப்படுத்தும் கடிதமொன்றைத் தந்துதவுமாறும், கொடுகடன் தகவல் பணியகத்துக்கு அவ்வாறே அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்."

இதில் உயிர்நாடி இரண்டு. ஒன்று, செல்லுபடியாகும் திகதியுடன் இறுதித் தொகை. இரண்டாவது, மூடப்பட்டதற்கான கடிதம். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை கணக்கு மூடப்படவில்லை என்றே எண்ணிக்கொள்ளுங்கள். சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழிக்கும்படி முன்னர் கட்டளை கொடுத்திருந்தால் அதையும் ரத்துச் செய்யச் சொல்ல வேண்டும். ஒரே வங்கியில் சேமிப்பும் கடனட்டையும் இருந்தால், நிலுவையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமையை அட்டை ஒப்பந்தத்திலேயே வங்கி எழுதி வைத்திருப்பது வழமை. தகராறில் உள்ள தொகை அப்படிக் கழிந்துபோனால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.

வெளிநாடு போகிறவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். வங்கி இரகசியம் காரணமாக உங்கள் கணக்கைப் பற்றி மனைவியிடமோ சகோதரனிடமோ வங்கி பேசாது. போகுமுன் நம்பிக்கையான ஒருவருக்கு எழுத்து மூல அதிகாரம் கொடுத்து, அதை வங்கியில் பதிந்துவிட்டுப் போவது நல்லது. குறைந்தது மின்னஞ்சல் முகவரியையாவது புதுப்பித்து விடுங்கள்.

சரி, எல்லாம் செய்தும் கட்டணம் வந்துவிட்டது. என்ன செய்வது? முதல் முறைப்பாடு வங்கிக்கே போக வேண்டும். கிளையில் வாயால் சொல்வது முறைப்பாடாகாது. ஒவ்வொரு வங்கியிலும் முறைப்பாடுகளைக் கையாளும் பிரிவு உண்டு. அதற்கு எழுத்தில் அனுப்பி, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். எந்தத் திகதியில் மூடக் கேட்டீர்கள், எவ்வளவு கட்டினீர்கள், எந்தக் கட்டணத்தை ஏன் மறுக்கிறீர்கள் என்பதை மூன்று நான்கு வரியில் சொல்லிப் பிரதிகளை இணைத்தால் போதும். திட்டி எழுதிய ஐந்து பக்கக் கடிதத்தை விட அது வேகமாக வேலை செய்யும். ஏற்றுக்கொள்ளும் தொகை ஏதும் இருந்தால் அதை உடனே கட்டிவிட்டு, மறுக்கும் தொகையை மாத்திரம் தகராறில் வையுங்கள்.

வங்கி மறுத்தால் அல்லது இழுத்தடித்தால் அடுத்த இடம் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம். 2020இல் அமைக்கப்பட்டது. 1935 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். முதலில் வங்கியிடம் முறையிட்டீர்களா என்று கேட்பார்கள், அதனால்தான் முறைப்பாட்டு இலக்கம் முக்கியம். 2023 ஆகஸ்டில் வர்த்தமானியில் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், கட்டணங்களை வெளிப்படையாகத் தெரிவிப்பதையும் முறைப்பாடுகளை முறையாகக் கையாள்வதையும் நிதி நிறுவனங்களின் கடமையாக்கியிருக்கின்றன. கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள். படித்தவர் ஒருவர் எழுதுகிறார் என்று தெரிந்தால் பதிலின் தொனியே மாறும் என்பது நம் நாட்டு அலுவலகங்களை அறிந்த எவருக்கும் புதிய செய்தியல்ல. இதைத் தமிழிலேயே எழுதலாம். மத்திய வங்கி அரச நிறுவனம், தமிழ் அரசகரும மொழி. ஆங்கிலம் வராது என்பதற்காக முறையிடாமல் இருப்பவர்கள் எம்மில் ஏராளம்.

மற்றொரு வாசல் நிதி ஒம்புட்ஸ்மன். வங்கிகளுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் இடையிலான பிணக்குகளைக் கட்டணமின்றி விசாரிக்கும் அமைப்பு இது. சட்டத்தரணி தேவையில்லை. இங்கும் வங்கியிடம் முதலில் முறையிட்டிருக்க வேண்டும். சில ஆயிரம் ரூபாவுக்காக நீதிமன்றம் ஏறுவதை விட இது எவ்வளவோ மேல்.

இந்தச் சின்னத் தொகைக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். தொகை சின்னதுதான், அதன் நிழல் பெரியது. 1990ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம், அதாவது எல்லோரும் கிரிப் என்று சொல்வது, வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கும் கடன் விபரங்களைத் திரட்டி வைக்கிறது. உங்கள் கடனட்டையின் எல்லை, நிலுவை, பிந்திய நாட்கள் எல்லாம் அதில் ஏறும். இஸ்லாமிய நிதிப் பிரிவில் இஜாராவுக்கோ முராபஹாவுக்கோ விண்ணப்பித்தாலும் இதே அறிக்கையைத்தான் பார்க்கிறார்கள். கிரிப் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை, வங்கி அனுப்பியதை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே பிழையைத் திருத்த வேண்டியதும் அனுப்பிய வங்கியே. உங்கள் அறிக்கையை நீங்களே விண்ணப்பித்துப் பெறலாம். கணக்கு மூடி இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒரு முறை எடுத்துப் பார்த்து, அட்டை மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

அவசரமாகக் கடன் தேவைப்பட்டு, தகராறு முடியும் வரை காத்திருக்க முடியாத நிலை வரலாம். அப்போது பிடிவாதம் வேண்டாம். "இத்தொகையை ஏற்றுக்கொள்ளாமலும், மீளப் பெறும் உரிமையை விட்டுக்கொடுக்காமலும் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். முறைப்பாட்டைத் தொடருங்கள்.

அறவிடும் முகவர்கள் அழைத்தால் பயப்படத் தேவையில்லை. தொகை தகராறில் உள்ளது, முறைப்பாட்டு இலக்கம் இது, இனி எழுத்தில் தொடர்புகொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். வேலைத்தலத்துக்கு அழைப்பது, உறவினரிடம் சொல்லி அவமானப்படுத்துவது போன்றவை நடந்தால் திகதி நேரத்துடன் குறித்து அதே 1935க்குத் தெரிவியுங்கள்.

இறுதியாக, அட்டைக்காரர் மௌத்தாகிவிட்ட வீடுகளைப் பற்றி. பல குடும்பங்கள் மாதக்கணக்கில் வங்கிக்கு அறிவிப்பதில்லை. கூற்றுகள் வந்துகொண்டே இருக்கும், கட்டணங்களும் ஏறிக்கொண்டே இருக்கும். சொத்தைப் பங்கிடு முன்னர் கடன் தீர்க்கப்பட வேண்டும் என்பது எமக்கு மார்க்கக் கடமை. ஆனால் தீர்க்க வேண்டியது உண்மையான கடனை மாத்திரமே. மரணச் சான்றிதழின் பிரதியுடன் உடனடியாக அறிவித்து, மரணத் திகதியில் இருந்த நிலுவையைத் தனியாகக் கேளுங்கள். அதன் பின் ஏறிய வருடாந்த, தாமதக் கட்டணங்களை நீக்கும்படி எழுதுங்கள். மேலே சொன்ன காப்புறுதிக்கு மர்ஹூம் மாதாமாதம் பணம் கட்டியிருந்தாரா என்று பழைய கூற்றுகளைப் புரட்டிப் பாருங்கள். கட்டியிருந்தால், அந்த நிலுவையைத் தீர்க்க வேண்டியது காப்புறுதியாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்டால்தான் அது வெளியில் வரும்.